நீலகிரியின் கத்திகள்: செய்த கைகளும் சேர்த்த கைகளும்

முன்னுரை

தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் என்று மனிதர்கள் சேகரிக்காத பொருளே இல்லை. அந்த வரிசையில் கத்திக்கும் ஓர் இடம் உண்டு. கடையில் வரிசையாகத் தொங்கும் கத்தியை இவர்கள் தேடுவதில்லை. "இந்த வேலைக்கு, இந்த நீளத்தில், என் கைக்கு ஏற்ற பிடியோடு வேண்டும்" என்று சொல்லி ஒரு கொல்லரிடம் செய்விக்கும் கத்தியைத்தான் தேடுகிறார்கள். அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். பாப் லவ்லெஸ் என்ற கப்பல் தொழிலாளி 1953ல் நியூயார்க்கில் ஒரு கடைக்குப் போய், அப்போது புகழ்பெற்றிருந்த ராண்டல் கத்தி ஒன்றைக் கேட்டாராம். பல மாதம் காத்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. ஒரு பழைய காரின் ஸ்பிரிங் பட்டையை எடுத்துத் தானே ஒரு கத்தி செய்துகொண்டார். பிற்காலத்தில் உலகமே மதிக்கும் கத்திக் கலைஞர் ஆனார். 1970ல் அங்கே கத்தி செய்பவர்களுக்கென்றே ஒரு சங்கமும் தோன்றியது.

இதைப் படிப்பவர்களுக்கு, சொல்லிச் செய்யும் கத்தி என்பது மேல்நாட்டிலிருந்து வந்த மோகம் என்று தோன்றலாம். உண்மை வேறு. ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் இடைப்பட்ட மலைகளில், பல தலைமுறைகளாக ஒவ்வொரு கத்தியும் இன்னாருக்கு என்று தெரிந்தே செய்யப்பட்டது. அந்தக் கத்திகளைச் செய்தவர்கள் யார்? அவற்றைச் சேகரித்தவர்கள் யார்? சேகரித்தவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள்? இவற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

ஏழு ஊர்க் கொல்லர்கள்

நீலகிரியின் பழங்குடிகள் என்றதும் பலருக்கும் தோடர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எருமை, பூவேலைப் போர்வை, அரைவட்டக் கூரை வீடு என்று அவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் அந்தத் தோடரின் கையில் இருந்த கோடரியையும் கத்தியையும் செய்தவர்கள் கோத்தர்கள். கோத்தகிரி என்ற ஊரின் பெயரே கோத்தர்களால் வந்ததுதான். கோத்தர் கேரி, அதாவது கோத்தர் தெரு என்பது அதன் பொருள்.

கோத்தர்களுக்கு மலை முழுவதிலும் ஏழு ஊர்கள் மட்டுமே. திருச்சிக்கடி, கொல்லிமலை, குந்தா கோத்தகிரி, சோலூர் கோக்கால், கூடலூர் கோக்கால், புதுக் கோத்தகிரி, கீழ்க் கோத்தகிரி ஆகியவை அவை. (இந்தக் கொல்லிமலை ஊட்டிப் பக்கத்தில் உள்ள ஊர்; நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை வேறு.) ஒரு கருப்புப் பசு முன்னே நடக்க, அது கால் பதித்து நின்ற இடங்களில் எல்லாம் தங்கள் ஊர்கள் தோன்றின என்று கோத்தர்கள் சொல்வார்கள்.

சமவெளியில் கொல்லர் ஒரு சாதி, தச்சர் ஒரு சாதி, குயவர் ஒரு சாதி. கோத்தரிடம் அப்படி இல்லை. ஒரே ஆள் இரும்பு அடிப்பார், மரவேலை செய்வார், வெள்ளியில் நகையும் செய்வார், நிலத்தையும் உழுவார். சாவு வீட்டில் குழலும் பறையும் வாசிப்பார். பானை வனைவது பெண்களின் வேலை. இத்தனை தொழிலும் ஒரே இனத்திடம் இருந்ததால்தான் மலையில் இருந்த மற்ற மக்கள் எல்லோருக்கும் கோத்தர் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது என்ற நிலை இருந்தது.

விலை பேசாத கத்தி

இன்று ஒரு கத்தியைச் சொல்லிச் செய்தால் முன்பணம் கொடுக்க வேண்டும். நீலகிரியில் பழைய நாளில் முன்பணமும் இல்லை, விலையும் இல்லை. ஒவ்வொரு படகர் குடும்பத்துக்கும் ஒரு குறிப்பிட்ட கோத்தர் குடும்பம் உண்டு. அந்த உறவு அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். கோத்தர் அந்த வீட்டுக்குத் தேவையான கத்தி, அரிவாள், மண்வெட்டி, பானை ஆகியவற்றைக் கொடுப்பார்; பழுதானால் சரிசெய்தும் தருவார். அறுவடை முடிந்ததும் படகர் வீட்டிலிருந்து தானியம் போகும். தோடர்கள் நெய்யும், இறந்த எருமையின் தோலும் இறைச்சியும் கொடுத்தார்கள். குறும்பர்களிடமிருந்து தேன், மூங்கில் போன்ற காட்டுப் பொருள்கள் வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கத்தி செய்பவருக்கு அதைப் பிடிக்கப்போகும் கை எது என்று முன்கூட்டியே தெரியும். அவர் என்ன பயிர் செய்கிறார், எந்தச் சரிவில் வேலை செய்கிறார், போன வருடம் கொடுத்த அரிவாள் எந்த இடத்தில் தேய்ந்தது என்பதெல்லாம் தெரியும். ராகியும் சாமையும் அறுப்பவருக்கு வேண்டிய அரிவாள் வேறு. காட்டில் மூங்கில் வெட்டுபவருக்கு வேண்டிய கனத்த கத்தி வேறு. சேகரிப்பாளர்கள் இன்று பெரும் பணம் கொடுத்துத் தேடும் 'எனக்கென்றே செய்தது' என்ற தன்மை, அன்று மலையில் இருந்த சாதாரண விவசாயிக்கும் கிடைத்தது.

உலைக்களத்தில் நடப்பது

ஒரு கத்தி எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் மதிப்பு புரியும். முதலில் இரும்பு. நீலகிரிக்குக் கீழே உள்ள கொங்குச் சமவெளி இரும்புக்குப் பெயர்பெற்ற பகுதி. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட இரும்பு உலைகள் கிடைத்திருப்பது பலரும் அறிந்ததே. மலைக் கொல்லருக்கும் கீழ்ச்சந்தைகளிலிருந்து இரும்பு வந்தது.

அந்த இரும்பைக் கரி நெருப்பில் வைத்துத் துருத்தியால் காற்று ஊத வேண்டும். சிவந்து, ஆரஞ்சாகி, மஞ்சள் நிறத்தை நெருங்கும்போது குறடால் எடுத்துக் கல்லின் மேல் வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஆறிவிட்டால் மறுபடி நெருப்பு. இப்படிப் பலமுறை அடித்து அலகு ஒரு வடிவத்துக்கு வந்ததும், பக்குவமான சூட்டில் தண்ணீரில் தோய்ப்பார்கள். இதுதான் கத்தியின் உயிர். இந்தத் தோய்ச்சலில் சூடு கூடினால் அலகு கண்ணாடிபோல் உடையும். குறைந்தால் முனை மழுங்கிக்கொண்டே இருக்கும். அளவு காட்டக் கருவி எதுவும் இல்லை. இரும்பின் நிறத்தைப் பார்த்துக் கண்தான் சொல்ல வேண்டும். கொல்லுலை பெரும்பாலும் இருட்டான மூலையில் இருப்பதற்கும் இதுவே காரணம். வெயிலில் நிறம் தெரியாது.

கோத்தருக்கு உலைக்களம் வெறும் வேலையிடம் மட்டும் அன்று. குளிர்காலத்தில் நடக்கும் அவர்களின் பெரிய சாமி திருவிழாவில், கோயில் முன்பு உலை மூட்டி ஓர் இரும்புப் பொருளைச் செய்யும் வழக்கம் இருந்ததாக 19ஆம் நூற்றாண்டு நூல்கள் கூறுகின்றன. தொழிலைச் சாமி முன்னால் செய்து காட்டுவது என்றால், அந்தத் தொழிலுக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு விளங்கும்.

சேகரிக்க வந்தவர்கள்

1819ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய பிறகு வெள்ளைக்காரர்களின் வருகை பெருகியது. வீடு கட்டினார்கள், ஏரி வெட்டினார்கள், கூடவே மலையில் கிடந்த பழைய கல் வட்டங்களையும் கற்குவியல்களையும் தோண்ட ஆரம்பித்தார்கள். அவை பழங்காலத்து ஈமச் சின்னங்கள். கேப்டன் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி பலவற்றைத் தோண்டி, 1847ல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில் நீண்ட கட்டுரை எழுதினார். இவற்றைக் கட்டியவர்கள் தோடர்களின் முன்னோர்கள் என்பது அவர் கருத்து. யார் கட்டினார்கள் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த முடிவு இல்லை.

அடுத்து வந்தவர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். 1868ல் நீலகிரி தனி நிர்வாகமாகப் பிரிக்கப்பட்டபோது அதன் முதல் கமிஷனர் இவர். ஊட்டியில் உள்ள பிரீக்ஸ் பள்ளி இவர் நினைவாக ஏற்பட்டதே. 1871ல் கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தார் இந்தியப் பழங்குடிகளின் ஆயுதங்கள், அணிகலன்கள், உடைகள், பாத்திரங்கள், வேளாண் கருவிகள், பழைய ஈமச் சின்னங்களில் கிடைக்கும் பொருள்கள் ஆகியவற்றைத் திரட்ட விரும்பினார்கள். நீலகிரியில் அந்த வேலை பிரீக்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலை முடிந்து நூல் வெளிவருவதற்கு முன்பே, 1872ல் அவர் இறந்துபோனார். அவர் மனைவி 1873ல் நூலை வெளியிட்டார்.

ஈமச் சின்னங்களில் கிடைத்தவற்றைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எருமை, மனிதர் முதலிய உருவங்களை மூடியில் வைத்த மண்பாண்டங்கள், அழகிய வெண்கலக் கிண்ணங்கள், தங்க நகைகள், இவற்றோடு இரும்பில் வாள், குத்துவாள், ஈட்டி முனை, அம்பு முனை, அரிவாள், கத்தி, சவரக்கத்தி. இந்தச் சேகரிப்பின் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. சில பொருள்கள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. எழும்பூரில் உள்ளவற்றை ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் அறிஞர் 1901ல் வெளியான தம் பட்டியலில் விவரித்திருக்கிறார்.

பிரீக்ஸ் சேகரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குத் தஞ்சாவூர் ஓர் உதாரணம். தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலையில் இருந்த வாள்களும் கட்டாரிகளும் 1860களில் சென்னைக்கு வந்தன. அருங்காட்சியகத்துக்கென்று சில தேர்ந்தெடுக்கப்பட்டன. மீதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போனது. அப்படிப் பார்த்தால் சேகரிப்பாளர்கள் செய்தது பெரிய காரியம்தான்.

ஆனால் ஒரு குறையும் இருக்கிறது. அக்காலத்துப் பட்டியல்களைப் புரட்டினால் தோண்டியவர் பெயர் இருக்கும், கொடுத்தவர் பெயர் இருக்கும், தோண்டிய இடமும் இருக்கும். புதைகுழிக் கத்தியைச் செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது, அது சரி. ஆனால் அன்று உயிரோடு இருந்த ஒரு கொல்லரிடமிருந்து வாங்கிய கருவிக்கும் இனத்தின் பெயர்தான் பொதுவாக எழுதப்பட்டது. 'கோத்தர் கத்தி' என்று எழுதினால் போதும் என்று நினைத்தார்கள். எந்த ஊர்க் கோத்தர், எந்த வீட்டுக்காகச் செய்தார் என்பதை எழுத யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கத்திக்கு உயிராக இருந்த செய்தி அதுதானே!

எரிக்கப்பட்ட கத்தி

இதற்கு நேர்மாறான ஒன்றை டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் பதிவு செய்திருக்கிறார். இவர் தோடர்களைப் பற்றி 1906ல் ஒரு பெரிய நூல் எழுதியவர். தோடர்களிடம் அக்காலத்தில் இரண்டு சாவுச் சடங்குகள் இருந்தன. உடலை எரிக்கும்போது ஒன்று. சில மாதங்கள் கழித்து, எடுத்து வைத்திருந்த எச்சத்தை எரிக்கும்போது மற்றொன்று. இந்த இரண்டாவது சடங்குக்குக் கோத்தர்கள் கொண்டுவந்து கொடுக்க வேண்டிய பொருள்கள் உண்டு. வில், அம்பு, சல்லடை, கூடை, அவற்றோடு ஒரு கத்தி.

யோசித்துப் பாருங்கள். இறந்துபோன ஒருவருக்கென்று, அவர் பெயரைச் சொல்லிக் கொண்டுவரும் கத்தி. அதில் யாரும் எதையும் வெட்டப் போவதில்லை. எந்தப் பெட்டியிலும் அது சேரப் போவதில்லை. உலகத்தில் எந்தக் கத்தியும் இதைவிட ஒரு தனி ஆளுக்கென்று உரியதாக இருந்திருக்குமா? மற்ற கத்திகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். வருடக்கணக்கில் தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கிப்போகும். பிறகு அது திரும்பவும் உலைக்கே போய் வேறொரு கருவியில் சேரும். இரும்பு மலிவாகக் கிடைக்காத மலையில் யாரும் அதை வீணாக்க மாட்டார்கள். அதனால்தான் நன்றாக உழைத்த கத்திகள் நமக்குக் கிடைக்கவில்லை. மண்ணுக்குள் புதைந்து, உழைக்காமல் இருந்தவையே அதிகம் கிடைத்திருக்கின்றன.

தேயிலையும் கடை இரும்பும்

1850களின் இறுதியில் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் தொழில்முறையில் தொடங்கின. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது மரமாகிவிடும். அதற்குக் கவாத்துக் கத்தி வேண்டும், அதுவும் நூற்றுக்கணக்கில், ஒரே அளவில். சொல்லிச் செய்யும் கொல்லருக்கு இது பழக்கமில்லாத தேவை. இங்கிலாந்தில் பர்மிங்காம் தொழிற்சாலைகள் உலகத்துத் தோட்டங்களுக்கென்றே கத்திகளை அடித்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. கடைவீதியில் கத்தி விலைக்குக் கிடைத்தது. தானியத்துக்குப் பதில் ரூபாய் புழங்கியது.

1930களுக்குள் பழைய உறவு உடையத் தொடங்கியது. படகர்களில் சீர்திருத்தம் பேசியவர்கள் சாவு வீட்டில் கோத்தர் இசை வேண்டாம் என்றார்கள். இசை நின்றபோது அதோடு கட்டியிருந்த தானியமும் கத்தியும் தளர்ந்தன. 1930களில் கோத்தரிடையே தங்கி ஆராய்ந்த டேவிட் மண்டல்பாம் என்ற அமெரிக்கர் இதை விரிவாக எழுதியுள்ளார்.

இதை வெறும் இழப்பாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது. பழைய ஏற்பாட்டில் கோத்தருக்கு வேலை நிச்சயம், ஆனால் மரியாதை குறைவு. செத்த மாட்டு இறைச்சி உண்பவர்கள் என்றும், சாவுக்கு வாசிப்பவர்கள் என்றும் மற்றவர்கள் அவர்களைத் தாழ்வாக நடத்தினார்கள். மண்டல்பாமுக்கும் மொழியறிஞர் எமனோவுக்கும் தகவல் தந்து உதவிய சுள்ளி என்ற கோத்தர் ஆங்கிலம் படித்து ஆசிரியரானவர். அவர் மரபான நீண்ட முடியை வெட்டிக்கொண்டார். செத்த மாட்டு இறைச்சியை விடுங்கள் என்று தம் மக்களிடம் வாதாடினார். அவரைப் போன்றவர்களால்தான் கோத்தர்கள் பள்ளிக்கும் அரசு வேலைக்கும் போனார்கள். உருளைக்கிழங்கும் தேயிலையும் பயிரிட்டார்கள். உலை அணைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நல்ல கத்தி கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்று எந்தச் சேகரிப்பாளரும் கேட்க முடியாது.

சேகரிக்க விரும்புபவர்கள் கவனத்துக்கு

இன்றும் தமிழ்நாட்டில் சொல்லிச் செய்யும் கொல்லர்கள் இருக்கிறார்கள். திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் தெரியாதவர் இல்லை. ஆர்வம் உள்ளவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, சட்டம். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருளைத் தொல்பொருளாகக் கருதும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அப்படிப்பட்டதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் கிடைத்த புதையலுக்கு 1878ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஈமச் சின்னங்களைத் தாமாகத் தோண்டுவது கூடவே கூடாது. வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ அல்லாமல், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத விதிகளின் கீழ் வரும். அரசு அறிவித்த பகுதிகளில் அதற்கு உரிமம் வேண்டும்.

இரண்டாவது, பராமரிப்பு. கொல்லர் அடித்த கத்தி பெரும்பாலும் துருப்பிடிக்கும் வகை எஃகு. ஊட்டி, குன்னூர் போன்ற ஈரமான ஊர்களில் சீக்கிரமே துரு ஏறும். துடைத்து, மெல்ல எண்ணெய் பூசி, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். தோல் உறைக்குள்ளேயே விட்டுவைத்தால் உறை ஈரத்தை இழுத்து அலகைக் கெடுத்துவிடும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். கத்தியோடு ஒரு சீட்டையும் சேர்த்து வையுங்கள். அவர் சம்மதித்தால் செய்தவர் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். யாருக்காக, எந்த வேலைக்காக, எந்த வருடம் செய்தார், இரும்பு எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

முடிவுரை

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையமும் அதன் அருங்காட்சியகமும் உள்ளன. சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். அங்கே துருவேறிய ஒரு பழைய அலகைப் பார்த்தால், அதை அடித்த கையையும் பிடித்த கையையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். பிரீக்ஸ் போன்றவர்கள் இரும்பைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'இது இன்னார் இன்னாருக்குச் செய்தது' என்ற ஒரு வரியை அவர்கள் எழுதி வைக்கவில்லை. அந்த வரி இல்லாததால், நீலகிரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் பார்த்துப் பார்த்துச் செய்த கத்திகள் எல்லாம் இன்று பெயரில்லாத இரும்பாகிவிட்டன. இனிமேல் சேகரிப்பவர்களாவது அந்த ஒரு வரியை மறக்காமல் எழுதி வைத்தால் நல்லது.